தேநீர் கொடுத்தால் சம்மதம்

கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்க மாட்டோம். மங்கோலியாவின் இந்தக் கோபிப் பாலைவனத்தில் கூடாரத்துக்குள் ஆள் நுழைந்தால் முதலில் உப்புப் போட்ட பால்தேநீர், பிறகு காய்ந்த தயிர்க்கட்டி, பிறகு புல் எப்படி, மழை எப்படி, ஒட்டகம் எப்படி. எதற்கு வந்தாய் என்ற கேள்வி வருவதற்குள் பாதி விருந்தாளிகள் கிளம்பிப் போயிருப்பார்கள். திருடன் வந்தாலும் தேநீர் உண்டு, வரி வாங்க வந்தவனுக்கும் உண்டு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடுத்த கூடாரம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடத்தில், இன்று நீ கொடுக்காவிட்டால் நாளை உனக்குக் கிடைக்காது.

இதைக் கம்பெனி எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டது.

கம்பெனிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அதில் ‘பசுமை’ என்றும் ‘நாளை’ என்றும் வரும். தொழில், பூமிக்கடியில் யுரேனியம் தேடுவது. அவர்கள் சொந்த நாட்டிலும் அது இருக்கிறதாம். ஆனால் அங்கே தோண்டினால் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போவார்கள் என்பதால் எங்கள் நாட்டை வளர்க்க வந்துவிட்டார்கள்.

கம்பெனியின் சட்டப் புத்தகத்தில் ஒரு தொல்லை பிடித்த வரி இருந்தது. துளை போடும் முன் அந்த இடத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் மனமுவந்த சம்மதத்தையும் பெற வேண்டும். கேட்டுப் பெறலாம். ஆனால் கேட்டால் யாராவது முடியாது என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவள் அனுங்கோ. தலைநகரில் பிறந்து வெளிநாட்டில் மக்கள் தொடர்பு படித்த பெண். மங்கோலியக் குடும்பம் தான் ஏற்றுக்கொண்டவருக்குத் தேநீர் கொடுக்கிறது, ஆகவே தேநீர் கொடுத்த குடும்பம் ஏற்றுக்கொண்ட குடும்பம் என்று நாற்பது பக்கத்தில் ஒரு ஆய்வு எழுதினாள். அதிலிருந்து பிறந்ததுதான் படிவம் பன்னிரண்டு. அதில் ஒரே கேள்வி: தேநீர் கொடுக்கப்பட்டதா? ஆம் என்றால் சம்மதம். ஆய்வைப் பாராட்டித் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு விருந்து வைத்தார்களாம். தேநீர்தான் கொடுத்தார்களா என்று நான் கேட்டேன். ஒயின் என்றாள்.

நான் லொதோய். வட்டத் தலைநகரில் முப்பத்தொரு வருடம் ரஷ்ய மொழி வாத்தியாராக இருந்தவன். இப்போது அந்த மொழியை எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை. படித்தபோதும் யாருக்கும் வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியில் ‘பண்பாட்டுத் துணையாளர்’ என்ற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நேர்முகத் தேர்வில் அனுங்கோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வாத்தியாரே, ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் டீ தாங்குவீங்க?”

விஷயம் இதுதான். கம்பெனியின் பாதுகாப்பு விதிகளின்படி ஊழியர் யாரும் உள்ளூர்த் தண்ணீரில் செய்த எதையும் விழுங்கக் கூடாது. அவர்களுக்குக் குடிதண்ணீர் விமானத்தில் வந்தது. ஆனால் கிண்ணத்தை வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைத்தால் வீட்டுக்காரர்களின் முகம் சுருங்கும், முகம் சுருங்கினால் சம்மதத்தின் தரம் குறையும். ஆகவே குடிக்க ஒருவன் தேவைப்பட்டான். கம்பெனி டைரக்டர் ஹாட்லி கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, உதட்டுக்கு நாலு விரல்கடை தள்ளிக் கொண்டுபோய், கண்ணை மூடித் திறந்து, என்னிடம் தருவார். நான் குடிப்பேன். அனுங்கோவுடையதையும், பொறியாளருடையதையும் நான்தான் குடிப்பேன். ஒரு வருடத்தில் என் சிறுநீரகம் கம்பெனிக்கு ஆற்றிய சேவையை வேறு எந்த அதிகாரியும் ஆற்றவில்லை.

யாதமின் கூடாரத்துக்கும் இப்படித்தான் போனோம். யாதம் என் பழைய மாணவன். ரஷ்ய மொழி ஒரு வார்த்தைகூட மண்டையில் தங்காதவன். ஐம்பது வயதாகியும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அவனுக்கு நாற்பத்து மூன்று ஒட்டகங்கள். இந்தப் பக்கத்தில் ஒட்டகம் தெரிந்தவன் என்றால் அவன்தான். அவனுடைய குளிர்காலக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. அவன் அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு கோடைக்காலம் கையால் தோண்டி எடுத்தது. குளிர்காலத்தில் முப்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் உறையாத தண்ணீர் அங்கே மட்டும்தான். அந்தக் கிணறு இருப்பதால்தான் அவன் ஒட்டகக்காரன். இல்லாவிட்டால் அவன் ஒன்றுமில்லை.

“நாயைப் பிடிங்க!” என்று வாசலில் நின்று கத்தினேன். யாதமின் நாய் செத்து இரண்டு வருடமாகிறது. இருந்தாலும் அப்படிக் கத்திவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

யாதமின் மனைவி ஹோர்லோ தேநீர் ஊற்றினாள். ஹாட்லி கண்ணை மூடித் திறந்தார். அனுங்கோ படிவத்தில் ஒரு குறி போட்டாள். மூன்று கிண்ணங்கள் வரிசையாக என் முன்னால் வந்து சேர்வதை யாதம் கவனித்துக்கொண்டே இருந்தான்.

“வாத்தியாரே, அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அவங்க சட்டம் அப்படிப்பா. வெளிய எதையும் குடிக்கக் கூடாது.”

“அடப் பாவமே. இவ்ளோ தூரம் வந்து வாயை நனைக்க முடியலையே” என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். “ஹோர்லோ, அந்தப் பெரியவருக்கு வயித்துல எதாவது கோளாறா இருக்கும். கொஞ்சம் கொழுப்பு போட்டு இன்னொண்ணு ஊத்து.”

“குடிக்காதவன் எதுக்குய்யா வாங்கறான்?” என்றாள் ஹோர்லோ. “நம்ம வாத்தியாரைப் பாரு, புள்ளத்தாச்சி மாதிரி வயிறு உப்பிப்போய் உட்கார்ந்திருக்காரு.”

அந்தக் கோடையில் ஒன்பது தடவை போனோம். ஒன்பது தடவையும் ஊற்றினாள். இலையுதிர் மேய்ச்சல் முடிந்து யாதம் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு குளிர்காலக் குடியிருப்புக்குத் திரும்பியபோது, கிணற்றிலிருந்து நூறு அடி தள்ளி மூன்று மாடி உயரத்தில் ஒரு துளை இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் நாற்பது துளைகள். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் வெள்ளைச் சேற்றுக் குட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவன் அன்று உட்காரவே இல்லை.

“இது என்னங்க வாத்தியாரே? வழி தவறி வந்துட்டாங்களா?”

“உன் சம்மதத்தோடதான்பா வந்திருக்காங்க.”

“நான் எப்போ சம்மதிச்சேன்?”

எனக்குத் தெரியும். அலுவலகத்தில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டேன்.

கேட்கப் போனான். குறை கேட்பதற்கென்று கம்பெனி அலுவலகத்தில் தனி அறை உண்டு. அங்கே மெத்தை வைத்த நாற்காலியும் பிளாஸ்டிக் பூச்செடியும் இருந்தன. யாதம் அந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“மெஷினை எடுத்துடுங்கம்மா. கிணத்துப் பக்கத்துல ஆடுது. ஒட்டகம் பயந்து தண்ணிக்கு வர மாட்டேங்குது.”

அனுங்கோவுக்கு ஒரே சந்தோஷம். ஆறு மாதத்தில் அந்த அறைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். கணினியைத் திறந்தாள்.

“அண்ணே, இதுல மூணு வகை இருக்கு. பாராட்டு, கேள்வி, ஆலோசனை. உங்களோடது எதுல வரும்?”

“குறைன்னு ஒண்ணு இல்லையாம்மா?”

“இருந்துச்சுண்ணே. போன வருஷம் குறைகளைப் பூஜ்யமாக்கணும்னு தலைமை அலுவலகத்துல இலக்கு வெச்சாங்க. அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். ரெண்டே நாள்ல இலக்கு முடிஞ்சுது.”

யாதம் யோசித்தான். ஆலோசனை என்று போடச் சொன்னான். ‘இயந்திரங்களின் இருப்பிடம் குறித்து உள்ளூர் மேய்ப்பர்கள் ஆக்கப்பூர்வமான ஆர்வம் காட்டுகிறார்கள்’ என்று அவள் தட்டச்சு செய்தாள். பிறகு பிளாஸ்கிலிருந்து அவனுக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றினாள். கொடுத்த தேநீரைத் தள்ளிவைக்க அவனுக்குத் தெரியாது. குடித்தான். அதையும் குறித்துக்கொண்டாள். போகும்போது கம்பெனி பெயர் போட்ட ஒரு தொப்பி கொடுத்தார்கள். தன் தொப்பியின் மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, ஏதோ நடந்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனான்.

பனி உருகிய காலத்தில் கிணற்றுத் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கியது. நாக்கில் ஆணியை வைத்தாற்போல் ஒரு ருசி. இரண்டு ஒட்டகங்கள் செத்த குட்டி ஈன்றன. அதில் ஒரு தாய் எட்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யாதம் ஒரு கேனில் தண்ணீரை மொண்டுகொண்டு அலுவலகத்துக்கு வந்தான். அந்த அறையிலேயே உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது குடித்துப் பாருங்கள் என்றான். பாதுகாப்பு விதி இருக்கிறது என்றார்கள். அப்போதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் குடித்தேன். ஆணிதான்.

தண்ணீர் பரிசோதனைக்கு வெளிநாட்டுக்குப் போய் வந்தது. முடிவைச் சொல்லக் கலாசார மண்டபத்தில் பொதுக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்குப் பின் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை என்று அறிவித்திருந்ததால் வட்டமே திரண்டு வந்தது. கொழுக்கட்டைச் சீட்டு வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டின் தலைப்பில் ‘திட்டத்தை வரவேற்று’ என்று இருந்தது. பசியில் யார் தலைப்பைப் படிக்கிறார்கள்?

ஹாட்லி மேடையேறினார். அவர் ஒரு வரி சொல்ல, அனுங்கோ எங்கள் மொழியில் ஒரு வரி சொன்னாள்.

“இந்தத் தண்ணில யுரேனியம் இருக்கு. நாங்க எதையும் மறைக்கிற ஆளுங்க இல்லை. ஆனா அதை நாங்க போடலை. அது ஆதிகாலத்துலேருந்து அங்கதான் இருக்கு. அதனாலதான் நாங்களே வந்தோம். இப்போ ஒரு நிமிஷம் நியாயமா யோசிங்க. பூமிக்கடியில இருக்கற தாதுவுக்கு அரசாங்கம் எங்களுக்கு உரிமம் குடுத்திருக்கு. இந்தக் குடும்பம் என்னடான்னா நாப்பது வருஷமா, யார்கிட்டயும் அனுமதி வாங்காம, அந்தத் தாதுவைக் குடிச்சுட்டு வந்திருக்கு. ஒட்டகத்துக்கும் குடுத்திருக்கு. வேற கம்பெனியா இருந்தா கேஸ் போட்டிருக்கும். நாங்க அப்படிச் செய்ய மாட்டோம். நாங்க அண்டை வீட்டுக்காரங்க. மன்னிச்சுட்டோம்.”

கைதட்டல் எழுந்தது. கொழுக்கட்டை வேகும் வாசனை மண்டபத்துக்குள் வந்துவிட்டிருந்தது.

வட்டத் தலைவர் எழுந்தார். தாம்பாளம் போல் முகம் உள்ள மனிதர். எந்தக் கட்சி வந்தாலும் தலைவராக இருப்பவர். “நம்ம வட்டத்துக்காரன் ஒருத்தன் தெரியாம செஞ்ச தப்பைப் பெரிய மனசோட மன்னிச்ச டைரக்டருக்கு நன்றி” என்று சொல்லி, “யாதம், எந்திரிச்சு நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு” என்றார்.

யாதம் எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அந்தக் கிணத்தை எங்கப்பா வெட்டினாரு” என்றான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கும் கைதட்டினார்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் தன் வரலாற்றை நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தது என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

அடுத்தது சுரங்க உரிமம். அதற்கு முன் எல்லாக் குடும்பங்களின் சம்மதத்தையும் புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தேநீருக்கு ஓராண்டுதான் ஆயுள். அறுபத்தொரு குடும்பங்களில் அறுபதை முடித்துவிட்டோம். யாதம் வீடு மட்டும் பாக்கி. கடைசிச் சம்மதம் என்பதால் அமைச்சகத்திலிருந்து சட்ட அதிகாரி ஒருவர் நேரில் வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் நான் தனியாக என் மோட்டார் சைக்கிளில் அங்கே போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நல்லவன் என்று யாராவது என்னை நினைக்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம். படிவம் பன்னிரண்டைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

ஹோர்லோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் ஊத்துன டீயையா கணக்குல எழுதிட்டு இருந்தீங்க?”

“அது கம்பெனியோட முறை...”

“முறையா? நான் பொம்பளையா பொறந்து ஒரு ஆளை வெறும் வாயோட அனுப்பினதில்லை. அதை எடுத்து என் கழுத்துல கயிறா மாட்டினீங்களே, நீங்கள்லாம் வாத்தியாரா?” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு டீ கிடையாது.”

யாதமுக்கு வியர்த்துவிட்டது. “அதெப்படி? வீட்டுக்கு வந்தவங்களுக்கா?”

“டீ குடுத்தா சம்மதம்னா, குடுக்கலேன்னா சம்மதம் இல்லை. நீ வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்ல மாட்டே. நான் அடுப்பையாவது மூடி வைக்கறேன்.”

“ஊரு காறித் துப்பும்டி.”

“துப்பட்டும். அதையாவது யாரும் படிவத்துல ஏத்த மாட்டாங்க.”

மறுநாள் மூன்று ஜீப்பில் போனோம். “நாயைப் பிடிங்க!” என்று கத்தினேன். உள்ளே போய் மேற்குப் பக்கம் வரிசையாக உட்கார்ந்தோம். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள் ஐந்தாறு பேர் வாசலோரம் உட்கார்ந்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது. ஹோர்லோ அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். யாதம் தரையைப் பார்த்தபடி, உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நிமிடம் ஆயிற்று. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அந்தப் பத்து நிமிடம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மேய்ப்பர்களில் ஒரு கிழவர் இருமினார். இன்னொருவர், ஏதோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுரங்கம் வருவதில் அவர்களுக்கும் இஷ்டமில்லைதான். ஆனால் விருந்தாளியை வறட்டு வாயோடு உட்காரவைத்த வீட்டை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

“என்னப்பா யாதம், வறட்டி தீந்து போச்சா?” என்று வட்டத் தலைவர் சிரித்தார். “நம்ம மானத்தை வாங்காதே. பெரிய மனுஷங்க வந்திருக்காங்க. ஒரு வாய் வெந்நியாவது குடு.”

“இல்லைங்க தலைவரே” என்றான் யாதம். அவன் வாழ்க்கையில் ஒருவருக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கிழவர் எழுந்தார். “நாயைக்கூட இப்படி உட்கார வைக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். பக்கம் நிற்க வேண்டியவர்களே போய்விட்டதால், ஹோர்லோவின் திட்டம் அந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்று ஹாட்லி அனுங்கோவிடம் கேட்டார். அவள் படிவத்தைப் புரட்டினாள். தேநீர் கொடுக்கப்பட்டதா, இல்லை என்ற கட்டத்தில் இதுவரை யாரும் குறி போட்டதில்லை. பக்கத்தில் சிறிய எழுத்தில் விளக்கம் இருந்தது. அவளே எழுதியது. அவளுடைய ஆய்வின்படி, ஆள் இருக்கும் எந்த மங்கோலியக் கூடாரத்திலும் தேநீர் கொடுக்காமல் இருந்ததில்லை. ஆகவே தேநீர் கொடுக்கப்படவில்லை என்றால், அங்கே ஆள் இல்லை.

“குடியிருப்பற்ற இடம்” என்று அவள் வாசித்தாள்.

சட்ட அதிகாரி முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ சுலபமாச்சே! ஆளே இல்லாத இடத்துல யார்கிட்ட சம்மதம் வாங்கறது? இந்த இடத்தோட குடியிருப்புச் சான்றிதழை ரத்து பண்ணிட்டா முடிஞ்சுது.”

“ஐயா, நான் இங்க இருக்கேனே” என்றான் யாதம்.

“டீ குடுத்தா இருக்கீங்கண்ணே” என்றாள் அனுங்கோ அன்போடு. அவள் கெட்டவள் இல்லை. அவனுக்கு உண்மையாகவே உதவப் பார்த்தாள். “இப்போகூட ஒரு கிண்ணம் குடுத்துடுங்க. இருக்கீங்கன்னு போட்டுடறேன்.”

“குடுத்தா சம்மதம்னு போட்டுடுவீங்களே!”

“ஆமாண்ணே. இருக்கறவங்கதானே சம்மதிக்க முடியும்?”

யாதம் ஹோர்லோவைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் வந்தவர்களின் பேச்சு மாறிவிட்டது. இந்தக் கூடாரத்தை அப்புறப்படுத்த எத்தனை ஆள் வேண்டும், கட்டில் விறகுக்கு ஆகுமா என்று பொறியாளரும் வட்டத் தலைவரும் புருஷன் பெண்டாட்டி இருவரின் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேடி, பக்கத்தில் இருந்த யாதம் கையில் கொடுத்தார். அவனும் பிடித்துக்கொண்டான்.

ஆள் இல்லை என்பதற்கு உள்ளூர்ச் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். காகிதம் என் பக்கம் வந்தது.

“வாத்தியாரே” என்றான் யாதம், நாடாவைப் பிடித்தபடி. “நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல? நான் இருக்கேன்ல?”

நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. இதற்கு மேல் இதை அலங்கரிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இலையுதிர் காலத்தில் கிணற்றைச் சுற்றி இரும்பு வேலி போட்டார்கள். யாதமின் கூடாரம் வட்டத் தலைநகரின் ஓரம், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விருந்தாளியை அவமானப்படுத்தியவன் வீடு என்று ஒதுங்கிப் போனார்கள். அந்தக் குளிர்காலம் பார்த்து மருந்துக்கும் பனி விழவில்லை. பனி விழுந்தால் ஒட்டகம் அதையாவது நக்கும். வெறும் காற்றுதான். ஒட்டகங்கள் தாங்களாகவே முப்பது கிலோமீட்டர் நடந்து பழைய கிணற்றுக்குப் போய் வேலியோரம் நின்றன. வேலியில் உரசின. இரண்டு இடத்தில் கம்பி அறுந்தது.

கம்பெனி கவலைப்பட்டது. அந்தத் தண்ணீர் மிருகங்களுக்கு ஆபத்தானது என்று வேலியில் பலகை மாட்டினார்கள். மனிதர்களைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அங்கே மனிதர்கள் கிடையாது. காவலுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஒட்டகம் தெரிந்த ஆள்.

வேலைக்கு வந்தவன் யாதம். வட்டத் தலைவர்தான் சிபாரிசு செய்தார். ஹோர்லோ மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

“அவன் குடுக்கற சட்டையைப் போட்டுட்டு நம்ம கிணத்துக்கே காவல் நிக்கப்போறியா?”

“உள்ள நின்னாத்தானே ராத்திரில கதவைத் திறந்துவிட முடியும்?” என்றான் அவன் மெதுவாக. “கலங்கினாலும் தண்ணி தண்ணிதானே. அதுங்க வேற எங்க போகும்?”

அவன் வாழ்க்கையில் போட்ட ஒரே சூழ்ச்சி அது. கம்பெனி கம்பத்துக்குக் கம்பம் கேமரா வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. முதல் நாளே பூட்டின் சாவியைப் பொறியாளர் வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த வேலை ஒன்றுதான், வேலிக்கு வெளியே நின்று ஒட்டகங்களை விரட்டுவது.

விரட்டினான். கையை வீசிக் கத்தினான். ஆனால் அந்த ஒட்டகங்களுக்கு அவன் குரல் என்றால் தண்ணீர் என்று அர்த்தம். பிறந்த நாளிலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டால் கிணற்றடிக்கு வர வேண்டும் என்று மட்டுமே அவற்றுக்குத் தெரியும். அவன் போ என்று கத்தக் கத்த அவை இன்னும் நெருங்கி வந்தன. தொலைவில் மேய்ந்தவையும் ஓடி வந்தன. உதட்டை நீட்டி அவன் சட்டைப் பையை மோந்தன. கேமராவில் இதைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹாட்லி மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசிக்கிறவர்.

ஒரு வாரம் கழித்து யாதமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒட்டகங்களைத் தண்ணீருக்கு எப்படிக் கூப்பிடுவீர்கள், ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று ஒலிவாங்கியை வைத்தாள் அனுங்கோ. பண்பாட்டுப் பாதுகாப்புத் திட்டமாம். யாதமுக்கு வெட்கம். நாலு சுவருக்குள் நின்று கூப்பிட வரவில்லை என்றான். வெளியே கூட்டிப் போனார்கள். கிணறு இருக்கும் திசையைப் பார்த்து நின்று, தொண்டைக்குள்ளிருந்து நீளமாக, கடைசியில் மேலே ஏறி இறங்கும் அந்தக் கூவலை மூன்று தடவை கூவினான். “அருமைண்ணே” என்றாள் அனுங்கோ. அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாளிலிருந்து வேலியோரம் ஒட்டகம் வருவது குறைந்தது. நாலாம் நாள் ஒன்றுகூட இல்லை. மிருகங்களால் வேலிக்குச் சேதம் பூஜ்யம் என்று அறிக்கை போயிற்று. யாதமுக்கு இனி வேலை இல்லை என்று கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவன் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனான்.

“கிழக்க ஏதோ ஊத்து கண்டுபிடிச்சிருக்கும் வாத்தியாரே” என்றான் என்னிடம். “ஒட்டகத்தோட மூக்கே மூக்கு. நம்மளைவிடப் புத்திசாலிங்க.”

கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் உப்புத் தரையில் கம்பெனி ஒரு கம்பம் நட்டு, அதில் சூரிய மின்தகட்டோடு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டியிருந்தது எனக்குத் தெரியும். மணிக்கொரு தடவை அது யாதமின் குரலில் கூவும். முதல் மூன்று நாள் அதே குரலை ஜீப்பில் ஒலிக்கவிட்டு ஒட்டகங்களை வேலியோரத்திலிருந்து அங்கே இழுத்துப் போயிருந்தார்கள். அங்கே ஊற்றும் இல்லை, புல்லும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

பதினெட்டாவது நாள், லாரி ஓட்டுகிற ஒருவன் யாதமிடம் வந்து, உப்புத் தரையில் உன் சூடு போட்ட ஒட்டகங்கள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் நீயே நின்று கத்துவதுபோல் கேட்கிறது, பேய் வேலை என்று சொன்னான். யாதம் என் வீட்டுக்கு ஓடி வந்தான். அவனை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன்.

இருபதுக்கு மேல் படுத்துவிட்டிருந்தன. அவற்றில் பாதி எழுந்திருக்கப் போவதில்லை. மற்றவை கம்பத்தைச் சுற்றி, திமில் சரிந்து, பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி நின்றன. யாதம் இறங்கினான். தட்டுத்தடுமாறிக் கொஞ்ச தூரம் நடந்தான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தண்ணீர் இருக்கும் மேற்குப் பக்கமாக அவற்றைத் திருப்ப, உடம்பில் இருந்த மொத்த மூச்சையும் சேர்த்துக் கூவினான்.

நின்றிருந்த ஒட்டகங்கள் அத்தனையும் காதை நிமிர்த்தின. ஒன்றுகூட அவன் பக்கம் திரும்பவில்லை. பெட்டியை நோக்கி இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றன.